பதினோரு பக்கமும் ஒரு ஊக்கும்

வடை மடித்துக் கொடுத்த தாளைக்கூட எண்ணெய்க் கறைக்கு அப்பால் என்ன எழுதியிருக்கிறது என்று விரித்துப் படிக்கிறவன் நான். புத்தகம் என்றால் முன்னுரை, பதிப்புரை, பிழைதிருத்தப் பட்டியல் வரை பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பேன். இந்தப் பெருமையை, கேரளத்தில் வண்டிப்பெரியாருக்கு மேலே உள்ள எங்கள் தேயிலை எஸ்டேட்டில் கேட்டவர்கள், கேட்காதவர்கள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்டவன், கம்பெனி அனுப்பிய பதினோரு பக்கத்தைப் படிக்காமலே அதன் அடியில் இருந்த ‘சம்மதம்’ என்ற பொத்தானை அமுக்கினேன். ஒரு தும்மலுக்கு ஆகும் நேரம்கூட ஆகவில்லை.

எஸ்டேட்டில் நான் பீல்டு ஆபீசர். பேர்தான் ஆபீசர்; வேலை மழையில் நின்று கொழுந்து எடை பார்ப்பது. முன்பு ஆள் பதிவையும் எடையையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தோம். பிறகு அதற்கு ஓர் ஆப் வந்தது. அதைப் போட கம்பெனி போன் கொடுக்குமா என்று கேட்டோம். உங்களிடம்தான் போன் இருக்கிறதே என்றார் மேனேஜர். இருந்தது, ஆனால் பழசு; ஆப் அதில் ஏற மறுத்தது. ஆகவே என் போனையும், இறந்துபோன என் மனைவியின் போனையும் குமுளிக் கடை ஒன்றில் மாற்றுக்குக் கொடுத்துப் புதிய போன் வாங்கினேன். கம்பெனி வேலைக்காக நானே போன் வாங்கி, அதன் கடிவாளத்தைக் கம்பெனி கையில் கொடுத்தேன். இதை நான் அப்போது முன்னேற்றம் என்று நினைத்தேன்.

ஆப்போடு வந்த நிபந்தனைகள்தான் அந்தப் பதினோரு பக்கம்; அத்தனையும் இங்கிலீஷ். “நீங்கதான் வாசிக்கிற ஆளு, மத்தவங்களுக்குத் தமிழில பறஞ்சு கொடுங்க” என்றார் மேனேஜர். வாசிக்கிற ஆள் என்றதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆபீஸ் வராந்தாவில் ஏழெட்டுப் பேர் போனும் கையுமாக நின்றார்கள். ஸ்டோர் கீப்பர் மட்டும் வாயைத் திறந்தார்.

“சார், நம்ம போன்ல அவுகளுக்கு என்ன சோலி?”

“ஒண்ணுமில்லய்யா. போன் தொலஞ்சா தகவல் வெளிய போகாம இருக்கதுக்கு. அமுக்குங்க.”

“எல்லாத்தையும் வாசிச்சுட்டியளா?”

“பின்னே?”

எல்லோரும் அமுக்கினார்கள்.

என் மனைவிக்கு எழுதிச் செய்தி அனுப்பும் பொறுமை கிடையாது. வாய்ஸ்தான் போடுவாள். நான் எந்தச் சரிவில் காலில் ஏறும் அட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாலும் சட்டைப்பைக்குள் வந்துவிடுவாள். “ஏங்க, மீன்காரன் வந்துட்டான். மத்தியா அயிலையா? பதில் வரலன்னா மத்திதான். பெறவு மூஞ்சியத் தூக்கிட்டு உக்காரப்பிடாது.” அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. அவள் போட்ட வாய்ஸ்களை எல்லாம் சேர்த்து வைத்திருந்தேன், பெரும்பாலும் வசவு. போன் மாற்றிய அன்று கடைக்காரரை விடாமல் அவற்றைப் புதிய போனுக்கு ஏற்றி வாங்கினேன். வேறு எங்கும் பிரதி கிடையாது. ஆப் ஏறியதும், போனில் உள்ளதை மொத்தமாக வெளியே பிரதி எடுத்து வைக்கும் வழியைக் கம்பெனி அடைத்துவிட்டது; ஒவ்வொன்றாக யாருக்காவது அனுப்பலாம், அவ்வளவுதான். கம்பெனித் தகவல் கசிந்துவிடுமாம். எங்கள் கொழுந்து எடை கசிந்தால் நாடு என்ன ஆவது!

அந்த வாய்ஸ்களில் ஒன்று, கோட்டயத்து ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோது அவள் போட்டது. நான் லீவு கிடைக்காமல் எஸ்டேட்டில் இருந்தேன். “நம்ம புள்ள கல்யாணத்தன்னைக்கு அந்த மஞ்சச் சட்டையப் போட்டுட்டு வந்து நின்னுராதீங்க. பந்தல்காரன்னு நெனச்சுருவாக” என்று தொடங்கும். பிறகு குரல் இறங்கி, மகளுக்கு அவள் சொன்ன ஆசீர்வாதம் வரும்.

மகள் கோயம்புத்தூரில் நர்ஸ். கல்யாணம் நிச்சயமானதும் கேட்டாள்: “அந்த வாய்ஸ எனக்கு அனுப்புங்கப்பா. கோயிலுக்குக் கெளம்புற அன்னைக்குக் காலைல அம்மா கொரலக் கேட்டுட்டுக் கெளம்பணும்.” மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் அனுப்புகிறேன் என்றேன். அனுப்பாததன் காரணத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. அந்த மஞ்சள் சட்டை எனக்குப் பிடிக்கும். மாப்பிள்ளை வீட்டார் காதில் ‘பந்தல்காரன்’ விழ வேண்டாமே என்று, சட்டைப் பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தை அனுப்ப நினைத்தேன். வெட்டத் தெரியவில்லை. கற்றுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பத்தில் அச்சடித்த கல்யாணக் கார்டுகளை வாங்கிக்கொண்டு திரும்பினேன். குமுளியில் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டு மண்ணில் பஸ் இறக்கிவிட்டது. மகள் கூப்பிட்டாள். “அப்பா, இன்னைக்காவது அந்த...” என்பதோடு அறுந்தது. அந்த இடத்தில் போன் இரண்டு மாநிலத்து டவருக்கும் நடுவே நின்று முழிக்கும்.

அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு கைவைத்தியம் உண்டு. சிம்மை வெளியே எடுத்து, சட்டையில் இரண்டு தேய் தேய்த்துத் திரும்பப் போடுவது. தேய்ப்பதால் ரேஞ்சு வருகிறதா, தானாக வருகிறதா என்று யாரும் ஆராய்ந்ததில்லை. சிம் தட்டைத் தள்ளுவதற்கென்றே எஸ்டேட்டில் எல்லோர் சட்டைப்பையிலும் பேனாவுக்குப் பக்கத்தில் ஓர் ஊக்கு குத்தியிருக்கும். நானும் கார்டுக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊக்கை எடுத்தேன். தள்ளினேன். தேய்த்தேன்.

திரை கறுத்தது. கம்பெனிச் சின்னம் வந்தது. அதன் கீழே, இந்தச் சாதனம் பாதுகாக்கப்படுகிறது என்று ஒரு வரி. அதன் கீழே மெதுவாக நீளும் ஒரு கோடு. வைத்தியம் பலிக்கிறது என்றே நினைத்து சிம்மைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். கோடு முடிந்ததும் போன், கடையில் பெட்டியைப் பிரித்த அன்று கேட்டதைப்போல, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. தமிழைத் தொட்டேன். ‘வணக்கம்’ என்றது. உள்ளே வேறு எதுவும் இல்லை.

மறுநாள் ஆபீஸ் போனிலிருந்து கொச்சியில் உள்ள கம்ப்யூட்டர் பிரிவைப் பிடித்தேன்.

“சாரே, பேடிக்க வேண்டாம்” என்றார் அந்த மனிதர். “போன் ஸ்டேட்டுக்கு வெளிய போச்சு, அங்க வச்சு சிம்மும் ஊரிப்போச்சு. யாரோ திருடிட்டாங்கன்னு சிஸ்டம் நெனச்சு எல்லாம் அழிச்சு. கம்பெனி டேட்டா முழுசும் சேஃப்.”

“என் டேட்டா?”

“சாருக்கு எந்தா உண்டாயிருந்தது?”

“என் வீட்டுக்காரி குரல்.”

உண்மையான வருத்தத்தோடுதான், “அது பெர்சனல் அல்லே சாரே” என்றார்.

ஸ்டோர் கீப்பர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எல்லாத்தையும் வாசிச்சுட்டியளான்னு அன்னைக்கே கேட்டேன்லா சார்?”

“கேட்டீங்க.”

“நீங்க சொல்லித்தான நாங்க அமுக்குனோம்?”

அவர் தன் சட்டைப்பையில் இருந்த ஊக்கைக் கழற்றி மேசை டிராயரில் போட்டு, டிராயரைப் பூட்டினார்.

அடுத்த நாள் காலை ஆள் பதிவு செய்யும் இடத்தில் ஆப்பைத் திரும்ப ஏற்றினேன். அது இல்லாமல் எனக்கும் ஆஜர் இல்லை, என் கீழே கொழுந்து எடுக்கும் பெண்களுக்கும் இல்லை. இந்த முறை பதினோரு பக்கத்தையும் படித்தேன். எட்டாவது பக்கத்தில் இருந்தது, எல்லாம், எனக்கு நடந்த வரிசையிலேயே. தெளிவான வாக்கியம். திருத்துவதற்கு ஒரு பிழைகூட இல்லை. மழைக்குப் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு பெண்கள் வரிசையில் நின்றார்கள். “என்ன சார், பரீச்சைக்கா படிக்கிய? அமுக்குங்க, நேரமாவுதுல்லா” என்றாள் ஒருத்தி. அமுக்கினேன்.

சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். சொன்னேன். அவள் பேசாமல் இருந்ததில், ரேஞ்சு போய்விட்டதா என்று போனை எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

“அம்மா என்னதான் சொன்னாங்க?” என்றாள் பிறகு. “வார்த்த மாறாம சொல்லுங்கப்பா. பக்கம் பக்கமா மனப்பாடமா ஒப்பிப்பீங்கள்ல.”

வாயெடுத்தேன். ஆசீர்வாதம் வரும் இடத்தில் அவள் இரண்டு முறை மூச்சு வாங்கியது நினைவிருந்தது. சொற்கள் வரவில்லை. ஏதோ ஒன்றைத் தொடங்கி, அது அவள் சொன்னதல்ல, எங்கள் கோயில் ஐயர் ஒவ்வொரு கல்யாணத்திலும் சொல்வது என்று எனக்கே உறைத்ததும் நிறுத்தினேன்.

“சட்டையப் பத்திச் சொன்னது மட்டுந்தாம்மா முழுசா இருக்கு.”

“என்ன சட்டை?”

நான் வெட்ட நினைத்த பகுதியை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன், பந்தல்காரன் வரை. அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. சிரிப்பா அழுகையா என்று பிடிபடுவதற்குள் ரேஞ்சு போய்விட்டது.

ஊக்கு சட்டைப்பையில்தான் இருந்தது. கை அதுவரை போயிற்று. பிறகு, கம்பெனிக்குச் சந்தேகம் வராதபடி, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ரேஞ்சு தேடித் தண்ணீர்த் தொட்டி மேட்டைப் பார்த்து ஏறினேன்.