மேன்ஹோல் வாசலில் நிற்கும் வேலை

1. சும்மா நிற்பது

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், மருந்துக்கு வேண்டிய ரசாயனம் காய்ச்சும் ஒரு கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் ஃபிட்டராக இருந்தேன். ஆள் குறையும் நாட்களில் என்னை ஸ்டாண்ட்பையாக நிறுத்துவார்கள். அது என்ன வேலை என்று இப்போது சேரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். சொல்கிறேன்.

ரியாக்டர் என்பது இரண்டு ஆள் உயரமுள்ள இரும்பு அண்டா. உள்ளே நடுவில் கலக்குவதற்கு ஒரு தண்டு, தண்டில் ரெக்கைகள். மேல்மூடியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வட்ட ஓட்டை. அதுதான் மேன்ஹோல். அவ்வப்போது ஆள் இறங்கிச் சுவரில் ஒட்டிய கசடைச் சுரண்ட வேண்டும். இறங்குபவரின் தோளிலும் இடுப்பிலும் பெல்ட் போட்டு, அதன் கொக்கியில் கயிறு மாட்டுவார்கள். கயிறு மேலே கப்பியில் ஏறி ஸ்டாண்ட்பையின் கைக்கு வரும். அவ்வளவுதான்.

முதல்முறை நின்றபோது சூப்பர்வைசர் பாபு சொன்னார்: "கோயிந்தா, உன் வேல இன்னா தெரியுமா? சும்மா நிக்கறது. உள்ள இருக்கறவன் மயங்கி வுழுந்தா கவுத்த இழு. இழுக்க முடியலன்னா கத்து. நீ மட்டும் எறங்கிடாத. மூச்சு செட்டு போடாம எறங்கனன்னு வெச்சிக்க, ரெண்டு பொணம்."

சும்மா நிற்பதற்குச் சம்பளமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்பேனரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவனுக்கு அது லீவு மாதிரி இருந்தது. அந்தச் சிரிப்புக்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

2. ஏரிக்காரர்கள்

கசடு சுரண்ட கான்ட்ராக்டில் வந்தவர்கள் தேசப்பனும் வேலுவும். பழவேற்காட்டுப் பக்கம் மீன்பிடிக் குப்பத்துக்காரர்கள். ஏரியில் மீன் குறைந்துபோய், பொன்னேரிவரை பஸ், அங்கிருந்து ரயில் என்று வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். வேலுவின் அக்கா செல்வியைத்தான் தேசப்பன் கட்டியிருந்தான். ரெண்டு பையன்கள். மாமனும் மச்சானும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவார்கள். தேசப்பன் வாயாடி. மீன் துண்டு ஒன்றை என் சோற்றில் வைத்துவிட்டு, "தின்னு நைனா, ஃபிட்டருக்கு முள்ளு எடுக்க சொல்லியா குடுக்கணும்" என்பான்.

ஒருநாள் டீ நேரத்தில் ஸ்டாண்ட்பை விதியைச் சொன்னேன். வேலுவுக்கு அது பிடிக்கவே இல்லை.

"எங்க ஊர்ல தண்ணில ஒர்த்தன் வுழுந்தா கூட இருக்கறவன் குதிச்சிடணும்ணா. யோசிக்கக்கூட கூடாது. குதிக்காம கரைக்கி வந்தவனுக்கு எந்த ஊட்லயும் ஒரு வாய் தண்ணி குடுக்க மாட்டாங்க."

"இது தண்ணி இல்ல வேலு. இது காத்து" என்றேன்.

"பாத்துக்கினு நிக்கறதுக்கு ஒரு ஆளு!" என்று தேசப்பன் தொடையில் தட்டிச் சிரித்தான்.

3. அந்தப் பகல்

வெயில் காலம். சாப்பாடு முடித்து தேசப்பன் இறங்கினான். நான் கயிறு. வேலு எனக்கு எதிரே நின்று கசடு வாளியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். உள்ளே காற்று சரியா என்று காலையில் எடுத்த கேஸ் ரீடிங் சரியாகத்தான் இருந்தது. ரியாக்டருக்கு வரும் நைட்ரஜன் பைப்பைக் கழற்றித் தகடு போட்டு அடைத்திருக்க வேண்டும். வால்வை மட்டும் மூடியிருந்தார்கள். அப்படியிருந்தும், ஆள் இறங்கலாம் என்று கொடுக்கும் பர்மிட்டில் கையெழுத்து இருந்தது.

கால்மணி நேரம் ஆனதும் தேசப்பன் கீழ்மட்டத்துக்குப் போனான். சுற்றி வரும்போது கயிறு ரெக்கையில் சிக்கிச் சிக்கி நின்றது. ரெண்டு முறை விடுவித்தான். மூன்றாம் முறை என்னை அண்ணாந்து பார்த்தான். முதுகுப்பக்கம் கையை விட்டுக் கொக்கியைக் கழற்றி, என்னிடம் காட்டி, ஐந்து நிமிஷம் என்று விரலை விரித்தான்.

நான் தலையாட்டினேன்.

இதைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். கவனிக்காமல் விட்டேன் என்று இல்லை. பார்த்தேன், தலையும் ஆட்டினேன்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ரியாக்டருக்கு நைட்ரஜன் திறந்தார்கள். எங்கள் பக்கம் மூடியிருந்த வால்வு சரியாக மூடாமல் கசிந்தது. நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, இருமல்கூட வராது. காற்றில் மூச்சுக்கு வேண்டியது இல்லாமல் போகும், ஆள் சாய்வான். தேசப்பன் சுவரில் கை வைத்தான். பிறகு உட்கார்ந்தான். பிறகு படுத்துவிட்டான்.

கயிற்றை இழுத்தேன். வெறும் கொக்கி மேலே வந்தது.

"மாமா!" என்று வேலு காலை ஓட்டைக்குள் விட்டுவிட்டான். பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துத் தளத்தில் சாய்த்தேன். மேலே ஏறி உட்கார்ந்தேன் என்றே சொல்லலாம். "வுடுடா! வுடுடா என்ன! எங்கக்காவுக்கு இன்னா பதில் சொல்லுவேன்!" என்று கத்தினான். என் மணிக்கட்டைக் கடித்தான், பல் எலும்பில் பட்டது. நானும் கத்திக்கொண்டே இருந்தேன். முகமூடியும் காற்று சிலிண்டரும் சேர்ந்த மூச்சு செட் மறுகோடி ஸ்டோரில் இருந்தது. அதை மாட்டிக்கொண்டு ஆள் இறங்க ஏழு நிமிஷம் ஆயிற்று. கொக்கி மாட்டியிருந்தால் நாங்கள் இருவருமே ஒரு நிமிஷத்தில் தூக்கியிருப்போம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே உயிர் போய்விட்டது.

4. "பாக்கலதானே?"

என்கொயரியில் மேனேஜர் தன்மையாகத்தான் கேட்டார்: "கோவிந்தன், அவரு ஹார்னஸ் கொக்கிய கழட்டினத நீங்க பாக்கலதானே?"

அந்த "தானே" எனக்குப் போதுமாக இருந்தது. பார்த்தேன் என்றால் வேலை போகும், கேஸ் வரும். மகளுக்கு நிச்சயம் முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. "பாக்கல சார்" என்றேன்.

வேலுவையும் கேட்டார். "நான் வாளியத்தான் பாத்துக்கினு இருந்தேன்" என்றான்.

யாருக்கும் தெரியாமல் தொழிலாளி தாமாகவே கொக்கியைக் கழற்றிவிட்டார் என்று ரிப்போர்ட் எழுதினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

கருமாதிக்குக் குப்பத்துக்குப் போனேன். கல்லால் அடித்தாலும் அடிக்கட்டும் என்றுதான் போனேன். செல்வி என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். சுற்றியிருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"குடிண்ணா. என் தம்பியயாவது புட்ச்சி நிறுத்தினியே. இல்லன்னா ரெண்டு பேரயும்ல வாரி குடுத்திருப்பேன். இந்த மனுசன்தான் யாருக்கும் தெரியாம கயட்டிக்கினு பூட்டாரு. புத்தி கெட்ட மனுசன்" என்று அழுதாள்.

குடித்தேன். குடிக்காமல் இருக்கத் தைரியம் வரவில்லை.

அதன்பிறகு அவள் தன் பிள்ளைகளிடம் எதற்கெடுத்தாலும் ஒன்றைச் சொல்வதாகக் கேள்விப்பட்டேன்: "உங்கப்பன மாதிரி ஆவாதீங்கடா."

செத்தவனுக்கு வாய் கிடையாது. அவனுக்காகப் பேச வேண்டிய வாயை நான் பூட்டி வைத்திருந்தேன். இரவும் பகலும் இதே நினைப்பு. ஏழு நிமிஷம் வேலுவைப் பிடித்துக்கொண்டதற்காக சேஃப்டி விழாவில் எனக்குச் சால்வை போட்டார்கள். அதை வீட்டுக்குக்கூட எடுத்துப்போகவில்லை.

5. அதே ஓட்டை

வேலு ரெண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. ஆனால் வேலையை விடவில்லை. தானாகக் கேட்டு ஸ்டாண்ட்பை ஆனான். யார் இறங்கினாலும் கொக்கியை மூன்று முறை சுண்டி இழுத்துப் பார்ப்பான். கயிறு சிக்கினால் ஆளை மேலே ஏற்றி, சிக்கலை எடுத்து, மறுபடி இறக்குவான். வேலை இழுக்கிறது என்று பாபு திட்டுவார். அவன் காதில் போட்டுக்கொள்ள மாட்டான்.

ஒருநாள் அந்த ரியாக்டரிலேயே ரெக்கை போல்ட் லூஸ். இறங்க வேண்டிய ஃபிட்டர் நான். மேலே வேலு. பெல்ட்டைப் போட்டுவிட்டு அவன் என் முதுகுப்பக்கம் வந்து கொக்கியைச் சுண்டினான். ஒன்று, ரெண்டு, மூன்று. மூன்றாவது முறை சுண்டியதும் எனக்குத் தாங்கவில்லை.

"வேலு, அன்னிக்கி தேசப்பன் கொக்கிய கயட்டினத நான் பாத்தேன். தலையாட்டினேன்."

அவன் கை அப்படியே நின்றது. அடிப்பான் என்று நினைத்தேன்.

"தெரியும்ணா. நீ தலையாட்டினத நானும் பாத்தேன்."

நான் திரும்பி அவனைப் பார்த்தேன்.

"வாளிய பாத்துக்கினு இருந்தன்னு சொன்னது பொய்யி. வேணாம் மாமான்னு ஒரு வார்த்த சொல்லி இருக்கலாம். வேல முடிஞ்சா நாலு மணி ரயில புடிக்கலாம்னு பேசாம நின்னேன். அப்பால குதிக்க பாத்தேன். குதிச்சா சரியா பூடும்னு நெனச்சேன். நீ வுடல."

கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னான். "எறங்கு. மொதல்ல வேலய முடி. ஞாயித்துக்கெயம அக்கா ஊட்டுக்கு வா. ரெண்டு பேரும் சொல்லிடலாம்."

போல்ட்டை முறுக்கும்வரை மேலே பார்த்தபோதெல்லாம் அவன் முகம் ஓட்டையில் இருந்தது. ஒருமுறைகூட அது விலகவில்லை.

6. செல்வி சொன்னது

ஞாயிற்றுக்கிழமை போனோம். செல்வி வாசலில் குந்தி இறால் உரித்துக்கொண்டிருந்தாள். பெரிய பையன் பக்கத்தில் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். அவனை அனுப்பிவிடலாமா என்று வேலு கேட்டான். வேண்டாம், அவன்தான் முதலில் கேட்க வேண்டும் என்றேன். நான் பாதி, வேலு பாதி என்று எல்லாவற்றையும் சொன்னோம். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு மறுநாள் கம்பெனியில் கொடுக்கப்போகிறோம் என்றும் சொன்னோம்.

கத்துவாள், சபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையிலிருந்த இறாலை உரித்து முடித்துத் தட்டில் போட்டாள்.

"யாருக்கும் தெரியாம கயட்டலையா அவரு?"

"இல்லம்மா. எங்கிட்ட காட்டிட்டுத்தான் கயட்டினான்."

"ரெண்டு பேரும் பாத்துக்கினு இருந்தீங்க."

"ஆமா."

"அப்ப புத்தி கெட்டு கயட்டல" என்றாள். "நீங்க ரெண்டு பேரு மேல நிக்கிறீங்கன்னு நம்பி கயட்டி இருக்காரு."

பையன் பக்கம் திரும்பி, "கேட்டுக்கினியாடா? உங்கப்பன் மேல தப்பு இல்ல" என்றாள். பையன் வலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. வேலு முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான்.

சும்மா நிற்கும் வேலை என்று சிரித்தவன் நான். நாம் நிற்கிறோம் என்பதற்காகவே இன்னொருவன் தன் கொக்கியைக் கழற்றுவான் என்று எந்த பர்மிட்டிலும் எழுதியிருக்காது, எந்த சூப்பர்வைசரும் சொல்லித் தர மாட்டார். மேன்ஹோல் வாசலில் நிற்கப்போகிற பிள்ளைகளே, தலையாட்டாதீர்கள். திட்டினாலும் பரவாயில்லை, ஆளை மேலே ஏற்றுங்கள்.

பகல் பன்னிரண்டு மணி வெயில். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து போயிருந்தோம், நாக்கு வறண்டிருந்தது. செல்வி எங்களுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.