பீடி பிடித்த அம்மன்

கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து வெள்ளைக்காரன் ஊரடங்கு போட்டதிலிருந்து, செமிலிங் பக்கத்திலுள்ள எங்கள் ரப்பர் தோட்டத்தில் கூத்து பகலில்தான். விடிய விடிய ஆடினால் பட்டாளம் சுட்டுவிடுமாம்.

பகலில் ஆடினால் இருட்டு மறைத்ததெல்லாம் தெரியும். இன்று தெரிந்தது.

அம்மன் வேஷம் கட்டிய மாரிமுத்து அண்ணன் திரைக்குப் பின்னால் நின்றார். திரையை இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். அதற்கு மேலே புகை எழும்பியது.

“சாம்பிராணி போடுறாங்க” என்று அஞ்சலை அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பீடி வாடை எனக்குத் தெரியாதா?

கோமாளி பாடி அழைத்ததும் திரை விலகியது. அம்மன் ஆடி வந்தார். சணல் சடையில் நெருப்புப் பிடித்திருந்தது, அண்ணனுக்குத்தான் தெரியவில்லை.

கூட்டமே கையெடுத்துக் கும்பிட்டது. “தாயே, கோபம் வேணாம்மா!” என்று கத்திய அக்காவுக்கு அருளே வந்துவிட்டது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் மட்டும் ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீரை அம்மன் தலையில் கொட்டினார்.

“பீடி நெஞ்ச அரிச்சிடும்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன். இப்ப தலையே போகப் பாத்துச்சு லா!”

நனைந்த அம்மன் இருமி இருமிச் சத்தியம் செய்தார்: “இனிமே தொட மாட்டேன் டிரெசரய்யா.”

டிரெசருக்கு நிம்மதி. ஊருக்கு இல்லை. அடுத்த கூத்தில் சடை எரியாவிட்டால் அம்மன் இறங்கவில்லை என்று அர்த்தமாம்.

கோயில் தலைவர் இப்போதே பீடிக்கட்டோடு அண்ணன் வீட்டு வாசலில் நிற்கிறார். டிரெசரிடம் யார் போய்ச் சொல்கிறீர்கள்? நான் இல்லை லா.