ஸ்கீக்கு அடியில் ஒரு தேசிக்காய்

என்னைத் தூக்குவதற்கு எங்கள் சனங்களிடையே ஒருநாளும் ஆள் பஞ்சம் வந்ததில்லை. கல்யாண மண்டபத்து வாசலில் இரண்டு படி இருந்தால் போதும், எங்கிருந்தோ நாலு அங்கிள்மார் கோட்டைக் கழற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். "அண்ணை, நீங்கள் அந்தப் பக்கம் பிடியுங்கோ" என்று தங்களுக்குள் கதைப்பார்களே தவிர, சக்கர நாற்காலியில் இருக்கிற என்னிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். பத்தடி தள்ளிச் சரிவுப்பாதை இருக்கும். அதை நான் சொல்லி முடிப்பதற்குள் மேலே போயிருப்பேன்.

இறக்கி வைத்ததும் அடுத்த கேள்வி வரும். "ஷெல்லோ பிள்ளை?" இல்லை, 401 நெடுஞ்சாலையில் மழைக்குள் கார் சறுக்கியது, பதினொரு வருடமாகிறது என்று உண்மையைச் சொன்னால் அவர்கள் முகம் வாடிவிடும். மூச்சு வாங்கத் தூக்கியவர்களுக்கு ஏதாவது கொடுக்கத்தானே வேண்டும் என்று சிலருக்கு ஊர்ச் சண்டையில் விழுந்த ஷெல் என்று சொல்லிவிடுவேன். ஒரு அன்ரிக்கு யானை மிதித்தது என்று சொல்லிவைத்தேன். அவர் இன்றைக்கும் என்னைக் கண்டால் அந்த யானையைப் பற்றி விசாரிப்பார்.

ஆனால் தூக்குவதில் எங்கள் அக்காவை மிஞ்ச ஆளில்லை. என்னைவிட நாலு வயது மூத்தவள். ரொறொன்ரோவின் அஜின்கோர்ட்டில் ஒரே வீட்டில் இருக்கிறோம். காரிலிருந்து நாற்காலிக்கு மாற எனக்கு ஒரு வழுக்குப் பலகையும் மூன்று நிமிடமும் போதும். அக்காவிடம் எல்லாம் இருக்கிறது, அந்த மூன்று நிமிடம் மட்டும் இல்லை. பின்னால் வந்து கக்கத்துக்குள் கையைக் கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கிவிடுவாள். பதினொரு வருடமாக அப்படித்தான். அவளில் எனக்கு எவ்வளவு பாசமோ அவ்வளவு கோபமும் உண்டு, இரண்டையும் நான் சொன்னதில்லை.

ஆகவே சென்ற குளிர்காலம் நான் பொய் சொன்னேன். சனிக்கிழமைகளில் பிசியோதெரபி என்றேன். பிசியோ என்ற சொல்லில் அக்காவுக்குக் கோயிலுக்கு அடுத்த மரியாதை. உண்மையில் நான் போனது நகருக்குள்ளேயே இருக்கும் ஒரு சின்னப் பனிக்குன்றுக்கு. உடல் இயலாமை உள்ளவர்களுக்கு அங்கே பனியில் சறுக்கும் ஸ்கீ பழக்குகிறார்கள்.

எனக்குத் தந்தது ஒரு வாளி போன்ற இருக்கை, அதன் அடியில் நீளச் சறுக்குப் பலகையாய் ஒரேயொரு ஸ்கீ. இரண்டு கைக்கும் இரண்டு குட்டைக் கம்புகள், அவற்றின் நுனியிலும் சின்னச் சின்ன ஸ்கீ. இருக்கையின் பின்னால் இரண்டு நீளப் பட்டிகள். அவற்றைப் பிடித்துக்கொண்டு ஆசிரியை பின்னாலேயே வருவார். ஓய்வு பெற்ற பல் வைத்தியர் அவர், நல்ல உயரம். "ஒன்றும் நோகாது" என்று அவர் சொல்லும் விதத்திலேயே இது நோகப்போகிறது என்று விளங்கிவிடும்.

பட்டி இல்லாமல் தனியாகச் சறுக்க வேண்டும் என்று எனக்குப் பேராசை. அதற்கு அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. விழுந்தால் தானாக எழும்ப வேண்டும். ஐந்து வாரம் விழுந்தேன். விழுவதில் எனக்கு நல்ல தேர்ச்சி வந்தது. எழும்புவதுதான் வரவில்லை. ஐந்தாவது வாரம், பனிக்குள் பக்கவாட்டில் கிடந்த என்னைப் பார்த்து வைத்தியர் கேட்டார்:

"விழுந்த உடனே ஒரு கையை மேலே நீட்டுகிறீர்கள். யாரிடம் நீட்டுகிறீர்கள்?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நீட்டுவது எனக்கே தெரியாது. பதினொரு வருடப் பழக்கம், கை தன்பாட்டில் போயிருக்கிறது. அடுத்த கிழமைதான் கடைசி வகுப்பு. அன்றைக்கும் எழும்பாவிட்டால் அடுத்த குளிர்காலம் வரை பட்டியோடுதான்.

அதற்கிடையில் பிடிபட்டேன். காட்டிக்கொடுத்தது என் முகம். பனியில் பட்டுத் தெறித்த வெயில் கன்னத்தையும் மூக்கையும் கறுப்பாக்கிவிட்டது. பனிக்கண்ணாடி மூடியிருந்த இடம் மட்டும் வெளுப்பு. ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்குப் பவுடர் போட்டுவிட வந்த அக்கா, என் நாடியைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"முகம் ஏனடி ரண்டு நிறம்?"

"பிசியோ" என்றேன்.

"பிசியோவில வெயிலும் குடுக்கிறவங்களோ?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஏசவில்லை. கட்டிலில் இருந்து யோசித்துவிட்டு ஒன்று மட்டும் கேட்டாள்.

"விழுந்தா ஆர் தூக்கிறது?"

"ஒருத்தரும் தூக்கமாட்டினம். அதுதான் அக்கா வகுப்பு."

"விசர் வகுப்பு" என்று சொல்லிவிட்டுப் பவுடரை அப்பினாள். விழாவில் எல்லாரும் நான் நல்லாய் வெளுத்திருக்கிறேன் என்றார்கள்.

கடைசி வகுப்புக்கு அவளும் வந்தாள். சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி, ஒரு டப்பா நிறைய மீன் கட்லட், கோட்டுப் பையில் ஏதோ உருண்டையாய். நான் கவனித்திருக்க வேண்டும். கட்லட் இரண்டை வாங்கித் தின்ற வைத்தியர், குன்றின் உச்சியில் வேலியோரம் நிற்க அவளை அனுமதித்தார். கட்லட் என்ன செய்யும் என்று அக்காவுக்குத் தெரியும்.

உச்சியில் என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வைத்தியர் பட்டிகளைச் சரிபார்க்க, நான் என் கையுறையோடு மல்லுக்கட்ட, அக்கா குனிந்து என் ஸ்கீயின் முனைக்குக் கீழே கையை விட்டாள். சப்பாத்தில் பட்ட பனியைத் தட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். புது வாகனம் எடுத்தால் சில்லுக்கு அடியில் தேசிக்காய் என்கிற எலுமிச்சையை வைத்து நசிக்காமல் எங்கள் வீட்டில் ஒன்றும் ஓடியதில்லை. என் சக்கர நாற்காலி கூட நாலு தேசிக்காய்க்கு மேல் ஏறித்தான் வீட்டுக்குள் வந்தது. ஆனால் அக்காவின் தேசிக்காய் முதல் நாள் இரவு முழுக்கக் காருக்குள் கிடந்திருக்கிறது. ரொறொன்ரோக் குளிரில் அது கல்லாகிவிட்டது.

தள்ளினேன். ஸ்கீயின் முனை ஏதோவொன்றில் ஏறியது. அந்த ஏதோவொன்று நசியவில்லை. அடுத்த நொடி நான் பள்ளப் பக்கமாகச் சரிந்து, வாய் நிறையப் பனியோடு கிடந்தேன்.

"ஐயோ பிள்ளை" என்றபடி அக்கா ஓடி வந்தாள். பனிச்சரிவில் ஓடக்கூடாது என்று அவளுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. மூன்றாவது எட்டில் கால் வழுக்கி, நேரே போய் வைத்தியரின் கால்களில் மோதினாள். பட்டிகளை விட்டுவிட்டு வைத்தியரும் விழ, இருவரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தபடி வேலிக்கரைக்குச் சறுக்கிப் போனார்கள். அந்த வைத்தியரை அவ்வளவு நெருக்கமாக ஒரு நோயாளியும் கட்டிப்பிடித்திருக்கமாட்டார்.

நான் கையை மேலே நீட்டினேன். ஒருத்தரும் இல்லை. நீட்டிய கை அப்படியே நின்றது. அதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு பயமும் வந்தது. கையைக் கீழே கொண்டுவந்தேன். சொல்லித் தந்தபடி புரண்டு, ஸ்கீயை எனக்குக் கீழே சரிவுக்குக் குறுக்காக இழுத்து, கம்பை உடம்புக்குக் கிட்ட ஊன்றினேன். முதல் தரம் வழுக்கியது. இரண்டாம் தரம் முழங்கை மடங்கியது. மூன்றாம் தரம் தலையை ஸ்கீக்கு மேலே எறிந்தேன், உடம்பும் பின்னாலேயே வந்தது. நிமிர்ந்து இருந்தேன். எனக்கு அழுகை வந்தது. மூக்குக் கண்ணாடிக்கு மேல் போட்ட பனிக்கண்ணாடிக்குள் அழுவது புத்திசாலித்தனமல்ல, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

வைத்தியர் எழும்பி வந்தார். இரண்டு பட்டிகளையும் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார்.

நான் போனேன். சின்னக் குன்றுதான், ஒரு நிமிடம்கூட இல்லை. என் முதுகுக்குப் பின்னால் ஒருத்தரும் இருக்கவில்லை. அந்தச் சந்தோசத்தை இன்றைக்கும் என்னால் மறைக்க முடியாது.

அக்கா எழும்பி நிற்கப் பயந்து, இருந்தபடியே குன்று முழுவதையும் இறங்கி வந்தாள். என் காலடிக்கு வந்து சேர்ந்து கையை நீட்டினாள்.

"தூக்கடி."

"எழும்புங்கோ அக்கா. அவசரமில்லை. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

சொல்லத்தகாத நாலு சொல்லைச் சொன்னாள். உருண்டாள், முழங்காலில் நின்றாள், மறுபடி விழுந்தாள். உதவ வந்த ஒருவரை வேண்டாம் என்று கைகாட்டி நிறுத்தினாள். கடைசியில் எழும்பி, கோட்டைத் தட்டிவிட்டு, என்னைக் கனநேரம் பார்த்தாள்.

கார் நிறுத்துமிடத்தில் கதவைத் திறந்துவிட்டு வழக்கம்போல என் பின்னால் வந்தாள். கை வரும் என்று தோளை இறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றாள்.

"தூக்கட்டே?" என்று கேட்டாள்.

வழுக்குப் பலகை என் மடியில்தான் இருந்தது. மூன்று நிமிட வேலை.

"ஓம் அக்கா," என்றேன், "தூக்குங்கோ."