நோயின் பெயர் இல்லாத மனு

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, கொல்லிமலையில் ஆலத்தூர் நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில் நடந்தது இது. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற நான், குளிர்ந்த காற்றுக்காக அங்கே வாடகை வீட்டில் குடியேறியிருந்தேன். மலையில் வெளியாள் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்தும் விதிகள் தெரியும் என்பதால் வாடகையோடு நிறுத்திக்கொண்டேன். எனக்கு விதிகள் தெரியும் என்பது ஊருக்கும் விரைவில் தெரிந்துவிட்டது. பட்டா மாறுதல், சாதிச் சான்று, எதுவானாலும் மனு எழுத என்னிடம் வருவார்கள். நான் எழுதிய மனு எதுவும் திரும்பி வந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

ஒரு நாள் காலை ஏழெட்டுப் பேர் வந்தார்கள். எல்லாரும் உள்ளூர்ப் பள்ளியில் படிக்கும் குழந்தைகளின் வீட்டார். சத்துணவு சமைக்கும் பெண்ணை மாற்ற வேண்டும் என்றார்கள். அவருடைய கணவர் போர்வெல் வண்டியில் வடக்கே வேலைக்குப் போய், எச்.ஐ.வி.யோடு திரும்பி, சில ஆண்டுகளில் இறந்தவர். இப்போது அந்தப் பெண்ணும் நாமக்கல் ஆஸ்பத்திரியில் அதே நோய்க்கு மாத்திரை வாங்கும் வரிசையில் நின்றதை யாரோ பார்த்துவிட்டார்கள்.

"சோற்றில் அது பரவாது" என்றேன்.

"அது உங்களுக்குத் தெரியுங்க சார். எம்பட பேத்திக்குத் தெரியுமுங்களா?" என்றார் கூட்டத்தில் மூத்தவரான ஒரு மிளகு விவசாயி. "காய் நறுக்கையில கை வெட்டி, ரத்தம் கொழம்புல விழுந்தா?"

"குழம்பு கொதிக்குமே."

"சாரு தெனமும் அங்கதான் சாப்பிடறாராக்கும்!" என்றார் ஓர் அம்மாள். எல்லாரும் சிரித்தார்கள்.

அத்தோடு அனுப்பியிருக்கலாம். நோயைச் சொல்லி ஒருவரை வேலையிலிருந்து எடுக்கச் சட்டம் இடம் தராது, அதை எழுத்தில் வெளியிட்டால் வம்பு உங்களுக்குத்தான் என்று விளக்கினேன். விளக்கியதோடு நிற்காமல், சட்டத்தில் சிக்காத மனு எப்படி இருக்கும் என்றும் காட்டினேன். சோற்றில் தலைமுடி, கை கழுவாமல் சமைத்தல், தாமத வருகை.

"முடியெல்லாம் கிடந்ததுதானே?" என்று ஒப்புக்குக் கேட்டேன்.

"எந்த ஊட்டுச் சோத்துலதாங்க முடி இல்ல?" என்றார் மூத்தவர். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரே பக்கம். ஊரைச் சுற்றி வந்ததில் பதினெட்டுக் கையெழுத்து, மூன்று கைநாட்டு. நோயின் பெயர் எங்கும் இல்லை. அப்படி எழுதியதால் அந்தப் பெண்ணின் மானத்தைக் காப்பாற்றியதாகக்கூட அன்று எனக்குத் தோன்றியது.

மனு வேலை செய்தது. பத்து நாளில் அவருக்குக் குறிப்பாணை வந்தது. ஒரு வாரத்துக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். அதுவரை சமையற்கூடத்துக்குள் நுழையக் கூடாது.

மறுநாள் மதியம் அவர் என் வாசலில் நின்றார். நாற்பது வயதிருக்கும். கையில் குறிப்பாணையும், அதனுடன் வந்த என் மனுவின் நகலும்.

"ஏனுங்க சார், நோவைச் சொல்லி வேலைய விட்டு எடுக்க முடியாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிக் குடுத்திருக்காங்க. அப்படி எதாச்சும் வந்தா என்ன பேசணும்னு மனசுல வச்சிருந்தேனுங்க. இதுல அதக் காணோமே. சோத்துல முடி கிடந்துச்சுங்கறாங்க. கிடக்கலைன்னு நான் எப்படிங்க காட்டுவேன்?"

"உண்மையான காரணம் இதுதான்னு நீங்களே அங்க போய்ச் சொல்லலாம்" என்றேன்.

"என் வாயால சொல்லணுமுங்களா? ஆபீஸ் பூரா தெரிஞ்சுபோகும். எம்புள்ள ராசிபுரத்துல நர்சிங் படிக்குதுங்க. அத யாருங்க சேத்துக்குவாங்க?"

அவரைக் காக்க ஒரு சட்டம் இருந்தது. அதை அவர் தொட முடியாதபடி நான் எழுதியிருந்தேன். வேலை வேண்டுமென்றால் நோயை வெளியே சொல்ல வேண்டும்; நோயை மறைத்தால் வேலை போகும்.

"அந்த மனுவை எழுதினது நான்தாம்மா" என்றேன்.

"தெரியுமுங்க. இந்த மலையில 'மேற்படி'ன்னு நாலு தடவ எழுத வேற யாரு இருக்காங்க?"

"அப்புறம் ஏன் என்கிட்டயே வந்தீங்க?"

"எழுதுனவருக்குத்தானுங்க எங்க ஓட்டை இருக்குன்னு தெரியும்."

ஓட்டை ஒன்றுதான் இருந்தது, அது நான். அவர் பெயரில் மறுப்பு எழுதினேன். அதனுடன் என் பெயரில் ஒரு கடிதம் இணைத்தேன். மனுவில் உள்ள குற்றச்சாட்டு எதையும் கையெழுத்திட்டவர்கள் கண்டு சொல்லவில்லை, அவற்றைச் சேர்த்தவன் நான் என்று அதில் எழுதினேன். நோயின் பெயரை அதிலும் எழுதவில்லை.

ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார். பள்ளி வராந்தாவில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, முடியை நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டார். யாரும் பார்த்திருக்கவில்லை. மிளகு விவசாயிக்கு மட்டும் கோபம் பொங்கிவிட்டது.

"சாரு சொன்னாருன்னு கையெழுத்துப் போட்டோமுங்க. இப்ப சாரே மாத்திப் பேசறாரு. இனி ரேசன் கார்டுக்குக்கூட இவருகிட்ட போகமாட்டோமுங்க!"

அதிகாரிக்கு என் மகன் வயதுகூட இராது. "ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர் நீங்கதானா?" என்று கேட்டு, நிமிராமல் எழுதிக்கொண்டார். நான் பணியில் இருந்தபோது எத்தனையோ பேரிடம் பயன்படுத்திய அதே குரல்.

அடுத்த வாரம் அந்தப் பெண் வேலைக்குத் திரும்பினார். கிராமச் செவிலியர் ஒரு நாள் வந்து, யாரையும் குறிப்பிடாமல், நோய் எதனால் பரவும், எதனால் பரவாது என்று பெற்றோருக்குச் சொன்னார். சிலர் கேட்டுக்கொண்டார்கள். சிலர் டிபன் பாக்ஸ் கொடுத்தனுப்பினார்கள். மிளகு விவசாயியின் பேத்தி ஓராண்டு டிபன் பாக்ஸோடு போய்விட்டு, பிறகு முட்டைக்கு ஆசைப்பட்டு வரிசையில் சேர்ந்துகொண்டாளாம். அந்தப் பெண் என்னைப் பஸ்ஸில் பார்த்தால் தலையசைப்பார். அதற்கு மேல் நானும் எதிர்பார்ப்பதில்லை.

மக்களிடம் விழிப்புணர்வு இல்லாததே எல்லாவற்றுக்கும் காரணம் என்று யாராவது மேடையில் பேசும்போதெல்லாம், வேண்டிய அளவு விழிப்புணர்வோடு அந்தக் காகிதத்தை எழுதிய கையை மடியில் வைத்துக்கொண்டு, நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.