சுக்ரேக்கு ஆறப்போன குகன் அண்ணை

டிக்கெட் விக்கிறவளுக்கு ஊரார் வீட்டுக் கலியாணமும் செத்தவீடும் சொந்தக்காரருக்கு முதலே தெரியவரும். லண்டனில மிச்சம் எண்ட பகுதியில ட்ராவல்ஸ் நடத்திறன். பேரில மட்டும்தான் மிச்சம். கொழும்பு, சென்னை, பாரிஸ், டொரொண்டோ எண்டு எங்கட சனம் போறதெல்லாம் காரியத்துக்கு. "சும்மா ஓய்வா ஆறிப்போட்டு வரப்போறம்" எண்டு ஆரும் வந்து நிண்டால் எனக்கு முதல்ல சந்தேகம்தான் வரும். கவுண்டருக்கு உள்பக்கம் இருந்து சீவிக்கிற ஆக்களுக்கு இது விளங்கும், மற்றவைக்குச் சொல்லிப் பிரயோசனமில்லை.

சீனி

ரெண்டு கடை தள்ளிப் பலசரக்குக் கடை வைச்சிருக்கிறவர் குகன் அண்ணை. விடியக் கடை திறக்கிறது அவர், இரவு பூட்டுறது அவரின்ரை மனுசி ரஞ்சினி. ஒராள் உள்ளுக்க வர மற்றாள் வெளியால போகும். புருசன் பெண்சாதி எண்டதை விட, ஒரே பஸ்ஸை மாறி மாறி ஓடுற ரெண்டு ட்ரைவர்மார் எண்டு சொன்னால் பொருந்தும். அண்ணை சீனி வருத்தக்காரர், அதுதான் நீரிழிவு, நேரத்துக்குச் சாப்பிடாமல் நிண்டு ஒருநாள் பால் ஃப்ரிட்ஜுக்கு முன்னால மயங்கி விழுந்திட்டார். கடையை விட்டுத் தள்ளிப் போய் ஒழுங்காத் திண்டு படுக்காட்டில், அடுத்த முறை விழுந்தால் எழும்பமாட்டார் எண்டு டொக்டர் முகத்துக்கு நேர சொல்லிப்போட்டார். ரஞ்சினி என்ரை கதிரையில இருந்து அழுதாள். எனக்கும் மனம் கேக்கேல்லை.

அவையின்ரை மகள், முதுகில பையைக் கட்டிக்கொண்டு தென் அமெரிக்கா சுத்தினவள், ஒரு ஊரின்ரை பேர் சொல்லி அனுப்பியிருந்தாள். பொலிவியாவில சுக்ரே. வெள்ளைக்காரன் ஸ்பெயினில இருந்து வந்து கட்டின ஊர், வீடெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு, ஊர் சுத்திக் களைச்ச பிள்ளையள் வந்து கிழமைக்கணக்கில சும்மா கிடக்கிற இடம். நான் பேரைச் சொன்னதும் அண்ணையின்ரை முகம் மாறிச்சு. அவர் லண்டனுக்கு வர முதல் பாரிசில இருந்தவர். பிரெஞ்சில சீனிக்குச் சொல்லுறது அந்தச் சொல்லைத்தான்.

"சீனி வருத்தக்காரனைப் பாத்துச் சீனி எண்ட ஊருக்கோ அனுப்புறாய், தங்கச்சி?"

எங்கட ஆக்கள்

சரி, ஒருவழியா இறங்கி வந்தார். டிக்கெட் போடுற நேரம் பாத்து அடுத்த கேள்வி: "அங்க எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?" ஒருத்தரும் இல்லை எண்டன். கோயில்? இல்லை. ஒரு யாழ்ப்பாணத்துக் கடை? அதுவும் இல்லை. "அப்ப என்னத்துக்குப் போறம்?" எண்டு மனுசியைத் திரும்பிப் பாத்தார். ரஞ்சினி பாஸ்போர்ட் ரெண்டையும் என்ரை பக்கம் தள்ளிவிட்டாள்.

"அதுக்குத்தான் போறம்."

பங்கு

அவை போய் ரெண்டாம் நாளே மிச்சம் முழுக்கக் கதை பரவியிட்டுது. குகன் ஆறத்தான் போனவர் எண்டதை நம்ப ஒருத்தரும் ஆயத்தமில்லை. பொலிவியாவில பெற்றோல் ஸ்டேசன் வாங்கப் போயிட்டார் எண்டொருத்தர். இல்லை, காணியாம் எண்டு இன்னொருத்தர். பேசாமல் இருந்தால் நானும் அதுக்கு உடந்தை எண்டாச்சு. பக்கத்துக் கோலியர்ஸ் வுட்டில இருந்து ஒரு தம்பி வேலைமெனக்கெட்டு பஸ்ஸில வந்து, கதவைச் சாத்திப்போட்டு மெதுவாக் கேட்டான்.

"ஒரு மனுசன் அவ்வளவு தூரம் சும்மா போவானோ, அக்கா? எனக்கும் ஒரு பங்கு கேட்டுச் சொல்லுங்கோ."

கடையடைப்பு

மூண்டாம் நாள் பின்னேரம் போன். அங்க மத்தியானம். எடுத்தது குகன் அண்ணை. "தங்கச்சி, கடையெல்லாம் படபடவெண்டு ஷட்டரை இழுத்துப்போட்டாங்கள். ரோட்டில ஒரு குஞ்சு குருமான் இல்லை. ஹர்த்தால் போல கிடக்கு." மனுசன் ரெண்டு போத்தல் தண்ணியும் பிஸ்கற்றும் வாங்கிக்கொண்டு ரூமுக்க பூந்திட்டார். ரஞ்சினியைச் சப்பாத்தைக் கழட்ட வேண்டாமெண்டு சொல்லியிருக்கிறார், ஓடவேண்டி வந்தால் எண்டு.

எனக்குச் சிரிப்பு வந்தது, உடனேயே நிண்டும் போச்சு. நானும் ஊரில சண்டைக் காலத்தில அந்த ஷட்டர்ச் சத்தம் கேட்டு ஓடின ஆள்தான். ஹொட்டல்காரப் பிள்ளையிட்டை விசாரிக்கச் சொன்னன். விசாரிச்சுப்போட்டுத் திரும்ப எடுத்தார். மத்தியானம் சாப்பிட்டு ஊர்ச்சனம் ஒரு நித்திரை கொள்ளுமாம், பேந்து பின்னேரம் திறப்பாங்களாம்.

"படுக்கிறதுக்கு ஒரு ஊரே கடையைப் பூட்டுமோ? எனக்கு நம்பிக்கையில்லை. நாளைக்கே திரும்ப டிக்கெட்டை மாத்து."

மாத்த ஏலாது

மாத்தலாம். ரெண்டு பட்டன் வேலை. கையை வைக்கப்போக ரஞ்சினியின்ரை வொய்ஸ் மெசேஜ் வந்து விழுந்தது. குளியலறைக்க நிண்டு குசுகுசுத்திருக்கிறாள். "அக்கா, கும்பிட்டுக் கேக்கிறன், மாத்த ஏலாது எண்டு சொல்லுங்கோ. இப்ப வந்தால் நேர கடைக்குத்தான் போவார். அங்கதான் விழுவார்." இந்தத் தொழிலில சீற் இருக்கு எண்டு பொய் சொன்னதுண்டு. சீற் இல்லை எண்டு பொய் சொன்னது அண்டைக்குத்தான். அண்ணைக்குப் போன் எடுத்து அதைத்தான் சொன்னன்.

"மாத்த ஏலாதெண்டால் பேந்தென்ன. உவங்களைப் போல நானும் படுக்கிறன்."

வந்த பிறகு

வந்தவர் என்னைக் கண்டதும் முறைப்பாடுதான் வைச்சார். ஒண்டுமில்லாத ஊர், சதுக்கத்து வாங்கில குந்தியிருக்கிறது, சந்தையில பழச்சாறுக்காரி சீனி போடட்டோ எண்டு கேக்கிறது, சாப்பிடுறது, படுக்கிறது. இதுக்குப் போய் ஒரு ப்ளேனோ எண்டார். சொல்லிப்போட்டு மத்தியானம் கடை ஷட்டரை இழுத்துவிட்டுப் படுக்க வீட்டை நடந்தார். சிகரெட் வாங்க வந்த வெள்ளைக்காரக் கிழவர் ஷட்டரைத் தட்டித் தட்டிப் பாத்தார். மிச்சத்தில இப்ப புதுப் பேச்சு, குகன் கடையை விக்கப்போறார் எண்டு. ரஞ்சினியைக் கண்டு, ஆள் எப்பிடி, நேரத்துக்குச் சாப்பிடுறாரோ எண்டு கேட்டன். ஓம் எண்டு தலையாட்டினாள். கண் கலங்கிச்சு, சிரிப்பும் வந்தது.

"இந்த மனுசன் குறட்டை விடுறவர் எண்டதே எனக்கு மறந்து போச்சு, அக்கா."

எங்கட ஆக்கள் ஒரு இடத்தில ஆறுதலா இருக்கவேணுமெண்டால், திரும்பிப் போக வழியில்லை எண்டு ஆராவது ஒருத்தர் சொல்லத்தான் வேண்டிக்கிடக்கு.