ஊற்றுச் சேற்றில் நெளிந்தது

பண்ருட்டி பக்கம் ஓர் ஊற்றைப் பார்க்க இன்று என் மச்சானோடு போனேன். சுற்றிலும் கோரை மண்டிய சேறு, நடுவே நாரைகள். படமெடுக்க போனை எடுத்தேன்.

சேற்றில் கருப்பாக ஏதோ நெளிந்தது.

"பாம்பு, பாம்பு!" என்று மச்சான் அலறினான்.

ஊற்றில் குளித்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் கரையில் கிடந்த கட்டையோடு பாய்ந்தார்கள். தலை கூழான பிறகும் அடி நிற்கவில்லை. என் சட்டையெல்லாம் ரத்தம். "போதும், வுடுங்க!" என்று நான் கத்தியதை எவனும் காதில் வாங்கவில்லை.

கடைசியில் ஒருவர் அதைக் கட்டையால் புரட்டினார். துடுப்பு தெரிந்தது.

"யோவ், விலாங்கு மீனுய்யா இது! கொழம்புக்குக்கூட ஆவாம அடிச்சிட்டமே. பாம்புன்னு எவன்டா சொன்னது?"

மச்சானுக்குப் பளாரென்று ஓர் அறை விழுந்தது.

பாம்பானாலும் சாவு, மீனானாலும் சாவு. அந்த ஊற்றில் உயிரோடு இருக்க அது வேறு என்னவாகத்தான் பிறந்திருக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.