போனிலேயே முடிந்தது

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் கோவில்பட்டியில், தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தீப்பெட்டித் தொழிற்சாலைகளுக்குக் கம்ப்யூட்டர் விற்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். போனில் வரும் புகார்களைக் கேட்டு வழி சொல்வது என் வேலை. போனில் தீராததை நேரில் போய்ச் சரிசெய்ய ஓர் அண்ணாச்சி இருந்தார். ஆபீஸில் நாங்கள் இரண்டு பேர்தான்.

எனக்குப் பயிற்சி கொடுக்கச் சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்தார்கள். ஒரு மாதம் கூடவே இருந்து, முடிவில் அவர்கள் எழுதிக் கொடுத்தால்தான் எனக்கு வேலை நிரந்தரம். என்னைவிட வயதில் சின்னவர்கள்தான். ஆனாலும் அவர்கள் முன்னால் எனக்கு வாய் வராது.

“கஸ்டமரை ஸ்கிரீன் முன்னாடி உட்கார வைங்க. ஒவ்வொரு ஸ்டெப்பா சொல்லுங்க. பத்து நிமிஷத்துல முடியணும்” என்பார்கள்.

எங்கே உட்கார வைப்பது? எங்கள் ஊர் தீப்பெட்டி ஆபீஸில் போன் முதலாளி மேஜையில் இருக்கும். கம்ப்யூட்டர் பின்கட்டில், கணக்குப்பிள்ளை அறையில் இருக்கும். கண்டவர்களும் போனைத் தொடுவது முதலாளிக்குப் பிடிக்காது. நான் சொல்வதை அவர் பின்பக்கம் திரும்பிக் கத்துவார். அங்கிருந்து வரும் பதிலைத் தனக்குப் பிடிபட்டபடி எனக்குச் சொல்வார். “என்னமோ நீலமா வருதாம்லே, நிக்கவா போவவா?” என்பார். ஒரு போனுக்கு நாற்பது நிமிடம் ஆகும்.

“எங்க சிக்கல்னு சொல்லுங்க” என்று மேடம் பொறுமையாகத்தான் கேட்டார்கள். சொன்னால் எங்கள் ஊரை இளக்காரமாக நினைப்பார்களோ என்று எனக்குக் கூச்சம். “பழகிருவேன் மேடம்” என்றேன். அவர்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். இதுகூடத் தெரியாமல் என்ன பயிற்சி கொடுக்க வந்தார்கள் என்று உள்ளுக்குள் பொருமினேன். வாயைத் திறக்காதது நான்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

பிறகு ஒரு திருட்டு வழி கண்டுபிடித்தேன். “மதியம் வாரேன் அண்ணாச்சி” என்று முதலாளியிடம் போனில் முணுமுணுத்துவிட்டு வைத்துவிடுவேன். சாப்பிட வீட்டுக்குப் போகிறேன் என்று எங்கள் அண்ணாச்சியின் மொபெட்டை வாங்கிக்கொண்டு, நானே போய்ச் சரிசெய்துவிட்டு வருவேன். அவரை அனுப்பினால் அது அவர் நோட்டில் ஏறிவிடும்; போனில் நான் முடிக்கவில்லை என்று மேடத்துக்குத் தெரிந்துவிடும். மழை பெய்த நாட்களில் டயரில் அப்பிய கரிசல் மண்ணைக் குச்சியால் சுரண்டிவிட்டுத்தான் வண்டியை நிறுத்துவேன். என் நோட்டில் “போனிலேயே முடிந்தது” என்று எழுதுவேன்.

மேடம் பூரித்துப்போனார்கள். கடைசி நாள் என் நோட்டை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்கள்: “எல்லாமே போன்லயே முடியுது. இங்க நேர்ல போக இனி ஆள் தேவையில்லன்னு எழுதப் போறேன். நீங்க ஏதாவது சொல்லணுமா?”

உள்ளறையில் அண்ணாச்சி ஒரு கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டித் தூசி எடுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் நின்றது.

“இல்ல மேடம்” என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துச் சத்தம் மறுபடி கேட்டது.

அடுத்த வாரமே கடிதம் வந்தது. எனக்கு வேலை நிரந்தரம், அவருக்கு வேலை இல்லை. அண்ணாச்சி தன் ஸ்க்ரூடிரைவர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் வைத்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

“வண்டி எங்கன எங்கன போச்சுன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? நீ வந்துட்டுப் போனதை எல்லா ஆபீஸ்லயும் அன்னன்னைக்கே சொல்லிட்டாவலே.”

“அப்பம் மேடத்துட்ட நீங்களாவது சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி?” இதைக் கேட்க மட்டும் எனக்கு வாய் வந்தது.

“நான் சொன்னா ஒன் வேலைல்லா போயிரும். நீயே சொல்லுவன்னு பாத்தேன்.”

பையை மொபெட்டில் மாட்டிவிட்டுக் கிளம்பினார். டயரில் நான் சுரண்டாமல் விட்ட கரிசல் காய்ந்து ஒட்டியிருந்தது.